தம் மலையைத் தாமே அளந்தவர்கள்

வானத்தை அளந்துவிட்டோம் என்று வெற்றி முழக்கமிடும் இந்நாளில், தம் காலடி நிலத்தை அளந்தறியாத நாடுகள் இன்னும் பல உள. நிலவில் மாந்தன் கால்வைத்த கதையை அந்நாடுகளின் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆயின், தம் தலைநகருக்கு அருகே ஓடும் பாறைப் பிளவு முன்னர் எப்பொழுது நழுவிற்று, மீண்டும் நழுவினால் எத்துணை வலிவோடு நழுவும் என்பதை அந்நாடுகளின் அமைச்சர்களும் அறியார். இவ்வறியாமைக்கு அவர்கள் செலுத்தும் விலை பொன்னன்று, பொருளன்று, மக்களின் உயிர்.

கல்லூரிகளில் புவி இயற்பியல் என வழங்கும் ஞால இயற்பியல், செல்வ நாட்டாரின் பொழுதுபோக்குக் கல்வி அன்று. நிலம் ஏன் நடுங்குகிறது, எரிமலை எப்பொழுது வாய்திறக்கும், நிலத்தடி நீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது, கனிமம் எந்தப் பாறையில் ஒளிந்துள்ளது என்னும் வினாக்களுக்கெல்லாம் விடைதேடும் துறை அது. எரிமலைகளும் நிலப் பிளவுகளும் மிகுந்த வெப்பமண்டல நாடுகளுக்கே அத்துறை முதற்கண் வேண்டும். ஆனால் நிலைமை என்ன? அந்நாடுகளிற் பலவற்றில் பல்கலைக்கழகம் இருக்கும். அங்கே சட்டம் இருக்கும், மருத்துவம் இருக்கும், வணிகவியல் இருக்கும். தம் நிலத்தை அளக்கும் துறை மட்டும் இராது. இருந்தாலும், இயற்பியல் துறையின் ஒரு மூலையில், பழுதுபட்ட கருவி ஒன்றும் ஓய்வை எதிர்நோக்கும் ஆசிரியர் ஒருவருமாக அஃது ஒடுங்கிக் கிடக்கும்.

இந்நிலையை எடுத்துக்காட்டினால் ஆட்சியாளர் கூறும் மறுமொழி ஒன்று உண்டு. ஏழை நாட்டிற்கு முதலில் வேண்டுவது சோறும் சாலையும். ஆராய்ச்சி பின்னர் வரட்டும். நிலநடுக்கத்தை அளக்க வல்லரசுகளிடம் கருவிகள் உள்ளன. வானில் அவர்கள்தம் துணைக்கோள்கள் சுற்றுகின்றன. வேண்டும்பொழுது கேட்டுப் பெறலாம் என்பது அம்மறுமொழி. கேட்பதற்கு இது முறையாகவே தோன்றும். ஆனால் இது பிழை; வெறும் பிழையன்று, உயிர்க்கொலைப் பிழை. இதனை நிறுவ நெடிய வாதங்கள் தேவையில்லை. கரிபியன் என்னும் ஒரே கடலில் கிடக்கும் இரண்டு நாடுகளின் பட்டறிவே போதும்.

கரிபியன் கடலின் கிழக்கு விளிம்பில், வில்லை வளைத்து வைத்தாற்போலச் சிறு தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அட்லாண்டிக்கு மாக்கடலின் அடித்தட்டு, கரிபியன் தட்டின்கீழ் செருகிச் செல்லும் இடம் அது. செருகிய தட்டு ஆழத்திற் சூடேறித் தன்னுள் அடைபட்ட நீரை வெளிவிடும்; அந்நீர் மேலுள்ள பாறையின் உருகுநிலையைத் தாழ்த்தும்; உருகிய பாறை குழம்பாகி மேலெழும். அவ்வாறு எழுந்த எரிமலைகளே அத்தீவுகள். அவற்றுள் ஒன்று செயிண்டு வின்சென்டு. அதன் வடபாதியை அடைத்து நிற்பது 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்த சூபிரியர் மலை. நாடு முழுவதிலும் வாழ்வோர் ஒரு நூறாயிரத்தைச் சற்றே மிஞ்சுவர். 1861ஆம் ஆண்டில் சென்னைத் துறையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட நம் தென்னாட்டு மக்களின் வழியினரும் அவர்களுள் அடங்குவர் என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளுதல் தகும்.

1902ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் அம்மலை வெடித்தது. ஏறத்தாழ 1,600 பேர் மாண்டனர். அம்மண்ணின் தொல்குடிகளான கரிபு மக்கள் அவர்களுட் பலர். மறுநாள், அண்டையிலுள்ள மார்த்தினிக்குத் தீவின் பெலே மலை வெடித்துச் செயிண்டு பியர் என்னும் நகரையே எரித்து, ஏறத்தாழ 28,000 பேரை விழுங்கிற்று. ஆகலின் உலகம் பெலேயை நினைவில் வைத்துச் சூபிரியரை மறந்துவிட்டது. ஆனால் சூபிரியர் மலைச் சாவுகளில் நாம் கருதவேண்டிய செய்தி ஒன்று உண்டு. வெடிப்புக்கு முன்னரே நிலம் நடுங்கிற்று. மலைவாயிற் புகை எழுந்தது. புகையைக் கண்ணாற் கண்ட மேலைக் கரையார் பலர், எவர் சொல்லையும் எதிர்பாராது வெளியேறித் தப்பினர். மலைமுடியை முகில் மூடியிருந்தமையாற் காணவியலாத கீழைக் கரையார், தோட்ட வேலையில் இருந்தபடியே மிகுதியாக மாண்டனர். கண்டவர் பிழைத்தனர், காணாதவர் மடிந்தனர். முகிலுக்குப் பின்னால் இருப்பதைக் காட்டும் கண் ஒன்று அன்று அவர்களிடம் இல்லை. ஞால இயற்பியல் என்பது அந்தக் கண்ணேயன்றி வேறன்று.

அக்கண் எவ்வாறு பிறந்தது? 1950-51ஆம் ஆண்டுகளிற் செயிண்டு கிட்சு, நெவிசு தீவுகளில் நிலம் தொடர்ந்து நடுங்கி மக்களை அச்சுறுத்திற்று. அதன் விளைவாக 1952இல் திரினிடாடில் நிலநடுக்க ஆய்வுப் பிரிவு ஒன்று தொடங்கப்பெற்றது. பின்னர் அது மேற்கிந்தியத் தீவுகள் பல்கலைக்கழகத்தின் உறுப்பாகிச் செயிண்டு அகசுடின் வளாகத்தில் நிலைபெற்றது. ஆங்கிலம் வழங்கும் கீழைக் கரிபியன் நாடுகளின் அரசுகள் அதன் செலவைப் பகிர்ந்து ஏற்றன. அவற்றுள் ஒன்றேனும் பெருநாடு அன்று; சில, நம் நாட்டு வட்டம் ஒன்றின் மக்கள்தொகைகூட இல்லாதவை. தனித்தனியே ஓர் ஆய்வுநிலையம் நடத்த இயலாதவர்கள், ஒன்றுகூடி ஒன்றை நடத்தினர். இராப்சன், தோம்பிளின் என்னும் இருவர் அத்தீவுகளின் எரிமலைகளையெல்லாம் ஆராய்ந்து தொகுத்த பட்டியல் 1966இல் வெளிவந்தது. எந்த மலை எப்பொழுது வெடித்தது, எவ்வாறு வெடித்தது என்னும் அடிப்படைக் கணக்கு அன்றுதான் ஓரிடத்திற் சேர்ந்தது.

1971ஆம் ஆண்டின் இறுதியிற் சூபிரியர் மலைவாயில் இருந்த ஏரியின் நடுவே குழம்பு எழுந்து ஒரு தீவாக நின்றது. வெடிப்பு ஏதுமின்றி 1972இல் அஃது அடங்கிற்று. ஆய்வாளர் அதை அளந்து பதிந்துவைத்தனர். 1979 ஏப்பிரலில் மீண்டும் நிலம் நடுங்கத் தொடங்கியதும், இம்முறை அடங்கும் நடுக்கம் அன்று என உணர்ந்தனர். ஏப்பிரல் 13ஆம் நாள் மலை வெடித்தது. பல்லாயிரவர் வெளியேற்றப்பெற்றனர், வெடிப்பினால் ஓர் உயிரும் போகவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 27இல் அந்நாடு விடுதலை பெற்றது.

அதன்பின் மலை நாற்பத்தோர் ஆண்டு உறங்கிற்று. படிப்போர் இந்த உறக்கத்தையே ஊன்றிக் கருதவேண்டும். மலை வெடிக்கும்பொழுது பணம் கொடுப்பது எளிது. எல்லா நாட்டுச் செய்தியாளரும் அங்கே நிற்பர். மலை உறங்கும்பொழுது பணம் கொடுப்பதே கடினம். ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தின்போது, ஒன்றும் நிகழாத மலைக்கு ஏன் இவ்வளவு செலவு என்று எவரேனும் வினவுவர். அத்தனை ஆண்டுகளிலும் அப்பல்கலைக்கழகப் பிரிவு மூடப்படவில்லை. கருவிகள் குறைந்தன; சில நிலையங்கள் வலுவிழந்தன; ஆயினும் ஆள்கள் இருந்தனர். அவர்கள் மாணவரைப் பயிற்றினர், பள்ளிகளுக்குச் சென்றனர், எரிமலை விழிப்பு வாரம் கொண்டாடினர், பழைய பதிவுகளைப் பேணினர்.

2020ஆம் ஆண்டு திசம்பர் 27ஆம் நாள், மலைவாயில் வெப்பப் புள்ளி ஒன்று துணைக்கோட் படத்திற் புலப்பட்டது. குழம்பு புதிதாக எழுந்து, 1979இல் எழுந்த குவட்டின் அருகிற் சத்தமின்றி வளர்ந்துகொண்டிருந்தது. திரினிடாடிலிருந்து ஆய்வுக் குழுவினர் உடனே சென்றனர். உலகெங்கும் கொள்ளைநோய் பரவி நாடுகள் கதவடைத்திருந்த காலம் அது. பறந்துவரும் அயல்நாட்டு வல்லுநரை நம்பியிருந்தால் காத்தே கிடந்திருக்க வேண்டும். குழுவை முன்னின்று நடத்திய பேராசிரியர் இரிச்சர்டு இராபர்ட்சன் அத்தீவிலேயே பிறந்தவர். மலையைச் சுற்றிக் கருவிகளைப் பெருக்கினர். வளியின் கந்தக அளவைக் கணித்தனர். குவட்டின் வளர்ச்சியை நாள்தோறும் அளந்தனர். மூன்று திங்களுக்கு மேல் குழம்பு அமைதியாகவே கசிந்தது. மார்ச்சு இறுதியில் நடுக்கத்தின் தன்மை மாறிற்று. ஏப்பிரல் தொடக்கத்தில் மீண்டும் மாறிற்று. ஏப்பிரல் 8ஆம் நாள் இடைவிடா அதிர்வு தொடங்கவே, அவர்களின் அறிவுரையை ஏற்றுத் தலைமை அமைச்சர் கொன்சால்வசு வெளியேற்ற ஆணை பிறப்பித்தார். மறுநாட் காலை மலை வெடித்தது. சாம்பல் பார்படோசுத் தீவு வரை சென்று விழுந்தது. ஏறத்தாழ 20,000 பேர் வீடிழந்தும் ஊரிழந்தும் நின்றனர். ஆனால் வெடிப்பினால் நேரடியாக மாண்டவர் ஒருவரும் இலர்.

1902இல் 1,600 பேர். 1979இல் ஒருவரும் இல்லை. 2021இல் ஒருவரும் இல்லை. மலை அதே மலை. அதன் சீற்றமும் குறைந்ததாகக் கூறுவதற்கில்லை. இடையில் நிகழ்ந்த மாறுதல் ஒரு பல்கலைக்கழகத்தின் ஒரு சிறு துறை.

இத்துறையினர் செய்வது மாயம் அன்று. நிலநடுக்கக் கருவியின் உள்ளே, வில்சுருளில் தொங்கும் எடை ஒன்று இருக்கும். நிலம் அசையும்பொழுது எடை உடனே அசையாது பின்தங்கும். இரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கருவி பதியும். நடுக்கத்திலிருந்து முதலில் வருவது அமுக்க அலை. அதன்பின் வருவது குறுக்கலை. இரண்டிற்கும் இடையே ஒரு நொடி இடைவெளி இருந்தால், நடுக்கம் ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் தொலைவிற் பிறந்தது எனலாம். ஐந்து நொடி இருந்தால் நாற்பது கிலோமீட்டர். மூன்று நிலையங்களின் தொலைவுகளைக் கொண்டு மூன்று வட்டம் வரைந்தால், அவை வெட்டும் இடமே நடுக்கம் பிறந்த இடம். மேல்நிலைப் பள்ளி மாணவன் செய்யக்கூடிய கணக்கு இது. எரிமலையில் இவ்வாறு பிறக்கும் இடங்கள் நாள்தோறும் மேலேறி வந்தால், குழம்பு மேலேறி வருகிறது என்று பொருள். பாறை உடையும் கூர்மையான அதிர்வு வேறு. குழம்பும் வளியும் குழாயில் ஓடும் முனகல் அதிர்வு வேறு. இவற்றைப் பிரித்தறிவதற்கு அந்த மலையின் இயல்பான குரலை முன்பே கேட்டுப் பழகியிருக்க வேண்டும். நலமாயிருந்தபோது நாடி பார்த்தறியாத மருத்துவன், நோய் வந்தபோது வந்து என்ன காண்பான்? கடன்வாங்கிய கருவியும் இரவல் வல்லுநரும் உதவாமற் போவது இங்கேதான். கருவியைக் கப்பலில் ஏற்றி வரலாம். நாற்பதாண்டுப் பதிவைக் கப்பலில் ஏற்றி வரவியலாது.

இனி, அதே கடலின் மற்றொரு நாட்டைக் காண்போம்.

எயிட்டி, அடிமைகள் கிளர்ந்தெழுந்து 1804இல் விடுதலை கண்ட பெருமைக்குரிய நாடு. அதன் தெற்கே பெரும் பிளவு ஒன்று கிழக்கு மேற்காக ஓடுகிறது. 1751இலும் 1770இலும் அப்பகுதியில் நேர்ந்த நிலநடுக்கங்கள் தலைநகரான போர்ட்டோ பிரின்சை அழித்தன. அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தலைநகரம் பெருநடுக்கம் எதனையும் காணவில்லை. மக்கள் மறந்தனர், மறந்தவர்கள் கற்காரைக் கட்டடங்களைக் கம்பி போதாமலும் கலவை சேராமலும் அடுக்கடுக்காக எழுப்பினர். நாட்டிற் பல்கலைக்கழகம் இருந்தது. நிலநடுக்க நிலையத் தொகுதி இல்லை. தட்டுகள் நகர்வதைத் துணைக்கோள் வழி அளந்துவந்த எரிக் கலே முதலிய ஆய்வாளர்கள், அப்பிளவில் ஏறத்தாழ 7.2 அளவிற்கு நடுக்கம் தோன்ற இடமுண்டு என 2008இல் அறிவித்தனர். அந்நாட்டு நிலவியல் அறிஞர் குளோது பிரெப்பெத்தியும் தம் மக்களை எச்சரித்தார். ஆனால் அவ்வெச்சரிக்கையை ஏந்தி ஊர்தோறும் கொண்டுசெல்லத் துறை இல்லை, ஆசிரியர் இல்லை, மாணவர் இல்லை.

2010ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் மாலை, தலைநகருக்கு மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் 7.0 அளவில் நிலம் நடுங்கிற்று. மாண்டோர் தொகை எவ்வளவு என்பதிலேயே கணக்குகள் ஒத்துவரவில்லை. நூறாயிரம் என்பாரும் உளர், மூன்று நூறாயிரம் என்பாரும் உளர். இறந்த தன் மக்களை எண்ணி முடிக்கவும் இயலாத நிலைக்கு ஒரு நாடு தள்ளப்பட்டது. பல்கலைக்கழகக் கட்டடங்களும் இடிந்தன. ஆசிரியரும் மாணவரும் அவற்றின் அடியில் மாண்டனர். தன் நாட்டில் நேர்ந்த நடுக்கத்தை அளப்பதற்கும், பின்னடுக்கங்கள் எங்கே பிறக்கின்றன என்று அறிவதற்கும் அயல்நாட்டார் கருவிகொண்டு வரும்வரை அந்நாடு காத்திருக்க வேண்டியதாயிற்று.

அதே ஆண்டு பிப்பிரவரி 27இற் சிலி நாட்டில் 8.8 அளவில் நிலம் நடுங்கிற்று. எயிட்டியின் நடுக்கத்தைப்போல் ஏறத்தாழ ஐந்நூறு மடங்கு ஆற்றல் கொண்டது அது. மாண்டோர் ஐந்நூற்றுக்குச் சற்று மேல். ஆழிப்பேரலை எச்சரிக்கையிற் பிழை நேராதிருந்தால் அத்தொகையும் குறைந்திருக்கும். சிலி, எயிட்டியினும் செல்வநாடு என்பது மெய். நடுக்கம் நகரத்தினின்று எவ்வளவு தொலைவு என்பதும் கருதத்தக்கதே. ஆயினும் செல்வம் மட்டும் தானே சுவரைத் தாங்கி நில்லாது. 1906ஆம் ஆண்டுப் பேரழிவிற்குப் பின், 1908இலேயே சிலி தனக்கென நிலநடுக்கப் பணியகம் ஒன்றை நிறுவிற்று. 1927இல் அது சிலிப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் வந்தது. இன்றும் அந்நாட்டின் நிலநடுக்க மையம் அப்பல்கலைக்கழகத்திலேயே உள்ளது. அங்கே பிறந்த அளவைகளைக் கொண்டே பொறியாளர் கட்டட விதிகளை வகுத்தனர். அறிவு முதலில் வந்தது. அறிவைப் பின்பற்றி விதி வந்தது. விதியைப் பின்பற்றி உறுதியான வீடு வந்தது.

எயிட்டி அழிந்துபோன நாடு அன்று. அதன் மக்கள் கைகட்டி இருந்தவரும் அல்லர். 2010க்குப் பின் அந்நாட்டு அரசுப் பல்கலைக்கழகத்தில் ஞால அறிவியல் ஆய்வுக்குழு ஒன்று உருப்பெற்றது. அரசின் நிலையங்கள் பணமும் பேணலும் இன்றி ஒவ்வொன்றாக ஓயவே, விலை மலிவான, கைக்கு அடக்கமான சிறு நடுக்கக் கருவிகளை ஊர் மக்கள் தத்தம் வீடுகளில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு 2019 முதற் பரவிற்று. மின்சாரமும் இணைய இணைப்பும் வீட்டாருடையவை, கணிப்பு ஆய்வாளருடையது. 2021 ஆகத்து 14இல் 7.2 அளவில் நிலம் மீண்டும் நடுங்கி இரண்டாயிரத்திற்கு மேற்பட்டோரைக் கொன்றபோது, நடுக்கத்திற்கு அண்மையில் இருந்து அதனைப் பதிந்தவை இவ்வீட்டுக் கருவிகளே. பின்னடுக்கங்களின் இருப்பிடங்களை வரைந்து, எந்தப் பிளவு எவ்வாறு நழுவிற்று என்பதை அவற்றைக்கொண்டே கண்டனர். உழவரும் ஆசிரியரும் கடைக்காரரும் அறிவியலுக்கு அவ்வாறு பங்களித்தனர். ஏழை நாட்டில் ஆராய்ச்சி இயலாது என்பார் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்ப்பாராக!

இவ்விடத்தில் மொழியைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். எயிட்டி மக்கள் அனைவரும் பேசுவது கிரியோல் மொழி. கல்விக்கூடங்களிலும் அரசு ஏடுகளிலும் நெடுங்காலம் கோலோச்சியது பிரெஞ்சு. பிரெஞ்சைச் செவ்வனே அறிந்தோர் அங்கே சிறுபான்மையர். பிரெஞ்சில் எழுதப்பட்ட எச்சரிக்கை, இடிந்து விழப்போகும் வீட்டின் கதவருகே வந்தும் உள்ளே நுழையாது நின்றுவிடும். சூபிரியர் மலை வெடித்தபோதோ, இராபர்ட்சன் வானொலியில் நாள்தோறும் தம் ஊர் மக்களுக்கு அவர்கள் பேசும் இயல்பிலேயே நிலைமையை எடுத்துரைத்தார். இன்று மலை என்ன செய்தது, நாளை என்ன செய்யக்கூடும், எங்களுக்கு எது தெரியும், எது தெரியாது என்று மறைக்காது சொன்னார். தம்மவன் தம் மொழியிற் சொன்னதால் மக்கள் நம்பினர், நம்பியதால் புறப்பட்டனர். மக்கள் மொழியிற் பேசாத அறிவியல் பாதி அறிவியலே.

அறிவு இருந்தும் அரசு செவிசாய்க்காவிடில் என்னாகும் என்பதற்கும் அக்கடலிலேயே சான்று உண்டு. மொன்செராத்துத் தீவின் தலைநகர் பிளிமத்து, எரிமலையின் அடிவாரத்தில் இருந்தது. அந்நகருக்கு இடர் உண்டு என்பதை, திரினிடாடு ஆய்வுப் பிரிவைச் சார்ந்து பணியாற்றிய உவாட்சு, ஐசக்சு என்னும் இருவர் 1980களின் பிற்பகுதியிலேயே அறிக்கையாக எழுதித் தந்தனர். அறிக்கையை ஆள்வோர் பொருட்படுத்தவில்லை. 1989இல் அத்தீவைப் பெரும்புயல் தாக்கிற்று. அதன்பின் மறுகட்டுமானமும் அதே பிளிமத்தில் நிகழ்ந்தது. 1995 சூலையில் எரிமலை விழித்தது. நகரம் கைவிடப்பட்டுச் சாம்பலில் புதைந்தது. 1997 சூன் 25இல் 19 பேர் மாண்டனர். தீவு மக்களிற் பெரும்பகுதியினர் நாட்டை விட்டே வெளியேறினர். ஆராய்ச்சித் துறை இருந்தால் மட்டும் போதாது. அதன் சொல் ஆள்வோர் அவையில் ஏற வேண்டும் என்பதே மொன்செராத்து கற்பிக்கும் பாடம்.

வெப்பமண்டலத்தில் இத்துறையை நடத்துவது எளிதன்று என்பதையும் நாம் மறைக்கவில்லை. உப்புக்காற்று கருவியின் மாழையை அரிக்கும். அடைமழையும் ஈரமும் மின்சுற்றில் பூஞ்சை பிடிக்கச் செய்யும். இடி விழுந்து ஒரே நொடியில் ஒரு நிலையம் கருகும். கொடியும் புதரும் ஒரு திங்களிற் கதிரொளித் தகட்டை மூடிவிடும். எரிமலை வெடித்தால் சாம்பல் மூடிவிடும். குளிர்நாட்டில் வடிக்கப்பட்ட கருவி வெப்பநாட்டில் விரைந்து பழுதாகும்போது, அதைப் பழுதுபார்க்க ஆளின்றிப் பெட்டியோடு அறையில் அடுக்கிவிடுவர். நன்கொடையாக வந்த கருவிகளின் கல்லறைகளாக எத்தனை ஆய்வகங்கள் உள்ளன! கருவியை வாங்குவது ஒரு நாள் செலவு. பேணுவதே என்றுமுள்ள செலவு. கருவியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த பணியாளர் ஒருவர், புதிய கருவி பத்துக்கு நிகர்.

இவற்றினும் பெரிய இடர் மற்றொன்று. பயின்ற மாணவன் மேற்படிப்பிற்கு வெளிநாடு செல்கிறான், அங்கேயே தங்கிவிடுகிறான். அவனைக் குறைகூறுவது எளிது. ஆனால் திரும்பி வந்தால் அவனுக்கு ஆய்வகம் உண்டா, மாணவர் உண்டா, ஊதியம் உண்டா என்று எவரும் கேட்பதில்லை. மறுபுறம், செல்வநாட்டு ஆய்வாளர் வருகின்றனர், உள்ளூர் ஆளைச் சுமைதூக்கவும் வழிகாட்டவும் வைத்துக்கொள்கின்றனர், அளக்கின்றனர், அளவைகளைத் தம் நாட்டிற்குக் கொண்டு செல்கின்றனர், கட்டுரை அவர்கள் பெயரில் வெளிவருகிறது. அடுத்த நடுக்கத்தின்போது, தன் நிலத்தைப் பற்றிய செய்தியை அந்நாடு அவர்களிடமே இரந்து நிற்கிறது. கரும்பையும் பருத்தியையும் கொண்டுசென்ற பழைய வணிகத்திற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? எல்லா அயலாரும் அத்தகையர் என்று நாம் சொல்லவில்லை. எயிட்டியில் ஆண்டுக்கணக்காக உடன்நின்று உழைத்த அயல்நாட்டு அறிஞரும் உளர். துணைக்கோட் செய்தியும் அயலார் உதவியும் சூபிரியர் மலையிலும் பயன்பட்டன. உதவியைப் பெறுவதில் இழுக்கில்லை. பெறும் உதவியைப் பயன்படுத்தத் தக்க கை நம்முடையதாக இருக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

இவையெல்லாம் எங்கோ நிகழ்ந்தவை என்று நம் படிப்பாளர் எவரும் கருதார் என நம்புகிறோம். 2004 திசம்பர் 26ஆம் நாள் காலை ஆறரை மணியளவில் சுமத்திராவின் அருகே கடலடி நிலம் பிளந்தது. நாகைக் கரையை அலை எட்டுவதற்கு இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. அவ்விரண்டு மணி நேரமும் நம் மீனவர்க்கும், கடற்கரையில் நின்ற பிள்ளைகளுக்கும் எவரும் ஒரு சொல் சொல்லவில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கு மேற்பட்டோரைக் கடல் கொண்டது. இந்திய அரசின் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் ஐதராபாத்தில் இயங்கத் தொடங்கியது 2007இல். பார்க்கும் கண் இல்லாத கரை எத்தகையது என்பதை நமக்குப் பிறர் கற்பிக்கத் தேவையில்லை.

ஆகலின், வெப்பமண்டல நாடுகளின் பல்கலைக்கழகங்கள் தத்தம் நிலத்தை ஆராய்தற்கு வேண்டுவன எவை என்பதைத் தொகுத்துரைப்போம்.

ஒன்று: சிறிதாயினும் அறாத பணம். பேரழிவு நேர்ந்த ஆண்டிற் கொட்டி, மறு ஆண்டிற் கைவிடும் நல்கையால் பயனில்லை. மலை உறங்கும் ஆண்டுகளிலேயே துறை உயிரோடிருக்க வேண்டும்.

இரண்டு: ஆராய்ச்சி நிலையம் பல்கலைக்கழகத்தோடு பிணைந்திருத்தல். தனி அலுவலகமாக இருந்தால் அலுவலர் ஓய்வு பெறும்போது அறிவும் ஓய்வு பெறும். மாணவர் இருந்தால் அறிவு வழிவழி வரும். ஆய்வுப் பட்டத்திற்கு வேற்று நாட்டுப் பாறையை ஏட்டில் ஆராய்வதை விடுத்து, தம் ஊர் மலையையும் தம் ஊர்க் கிணற்றையும் மாணவர் நேரில் அளப்பாராக.

மூன்று: அண்டை நாடுகளின் கூட்டு. பாறைப் பிளவுக்கு எல்லைக்கோடு தெரியாது. தனித்தனியே இயலாததைக் கீழைக் கரிபியன் நாடுகள் ஒன்றுகூடிச் செய்ததுபோல, ஆப்பிரிக்க நாடுகளும் பசிபிக்குத் தீவு நாடுகளும் செய்யலாம்.

நான்கு: அளவைகளின் உரிமை. தம் நிலத்தில் எவர் எதை அளந்தாலும் அதன் முழுப் படி அந்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இருக்க வேண்டும். உள்ளூர் ஆய்வாளர் சுமையாளாக இல்லாமல் இணையாசிரியராக இருக்க வேண்டும்.

ஐந்து: மக்கள் மொழியில் அறிவிப்பு. பள்ளிப் பாடத்திலும் வானொலியிலும் ஊர்க் கூட்டத்திலும், நிலத்தின் இயல்பை மக்கள் தாய்மொழியில் எடுத்துரைத்தல் ஆராய்ச்சியின் ஒரு கூறே. அதன் ஒட்டு அன்று.

இவ்வைந்தனுள் ஒன்றேனும் ஏழை நாட்டின் கைக்கு எட்டாதது அன்று. இவற்றுக்கு வேண்டுவது பெருஞ்செல்வம் அன்று, விடாப்பிடி. ஒரு நூறாயிரம் மக்களே உள்ள தீவொன்றில், இருபதாயிரம் பேரை மலை வெடிக்கும் முன்னர் வெளியேற்ற முடிந்தது. ஏனெனில் அம்மலையின் குரலைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருக்கத் தம்மவர் சிலரை அவர்கள் அமர்த்தியிருந்தனர். சோற்றுக்குப் பின் ஆராய்ச்சி என்போர், சோறுண்ணும் மக்கள் உயிரோடிருக்க வேண்டும் என்பதை மறந்து பேசுகின்றனர். நிலம் தன்னை அறிந்தவனையும் அறியாதவனையும் வேறுபடுத்திப் பார்த்து நடுங்குவதில்லை. ஆனால் அறிந்தவன் வெளியே வந்து நிற்கிறான். அறியாதவன் உள்ளே கிடக்கிறான். வெப்பமண்டல நாடுகளின் ஆட்சியாளர்கள் இவ்வேறுபாட்டை, அடுத்த மலை வாய்திறப்பதற்கு முன் உணர்வார்களாக!